‘பெண்கள் பகுதியை மட்டும் எழுதித் தாருங்கள்’ என்றால் என்ன செய்வது?

கேள்வி: நான் ஒரு மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளர். எங்கள் பகுதிக்கான மனநலத் திட்டத்தைத் திருத்தி எழுத ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அதில் நானும் இன்னொருவரும்தான் பெண்கள். முதல் கூட்டத்திலேயே, “பெண்கள் பகுதியை நீங்க எழுதிக் கொடுத்துடுங்க சிஸ்டர், ரெண்டு பக்கம் போதும்” என்று சொல்லிவிட்டார்கள். கர்ப்பகாலம், பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு இவற்றைப் பற்றி எழுத முடியும். அவ்வளவுதானா என்று மனசு கேட்கிறது. ஒரு மூத்த மருத்துவர், “மனநோய்க்கு ஆண், பெண் பேதம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே சிகிச்சை, அதுதான் சமத்துவம்” என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. குழுவில் நான் எதைக் கேட்க வேண்டும்? ஆண்களுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று ஆகிவிடாமல் எப்படிக் கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்த இரண்டு பக்கத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஒன்றைக் கேளுங்கள்: மற்ற எல்லாப் பக்கங்களின் வரைவும் அச்சுக்குப் போகும் முன் உங்கள் கைக்கு வர வேண்டும். ஒரு பெண்ணுக்குச் சரியான சிகிச்சை கிடைக்குமா என்பது மருந்துப் பட்டியலிலும், ஓ.பி. நடக்கும் நேரத்திலும், வார்டு விதிகளிலும், பதிவேட்டிலும், பணம் ஒதுக்கும் பக்கத்திலும்தான் முடிவாகிறது. இவை அப்படியே இருந்தால், ‘பெண்கள் பகுதி’ எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் ஓ.பி.யில் வந்து உட்காரும் பெண்ணுக்கு எதுவும் மாறாது. மனநல மருத்துவராக இப்படிப்பட்ட குழுக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். தனி அத்தியாயம் எழுதி வாங்கிக்கொண்டு, அதைத் திட்டத்தின் கடைசியில் சேர்த்துவிட்டு, மற்றதைப் பழையபடியே விட்டுவிடுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

முதலில் அந்த மூத்த மருத்துவருக்கான பதில். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். நோயாளிகளிடம் பாரபட்சம் காட்டக் கூடாது என்று எங்களுக்குப் படிப்பிலேயே சொல்லித் தருகிறார்கள். ஆனால் அந்த ‘ஒரே சிகிச்சை’ யாருடைய உடம்பை வைத்து உருவானது என்று அவரிடம் கேளுங்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. குழந்தை பெறக்கூடிய வயதுள்ள பெண்களை மருந்துகளின் ஆரம்பகட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது அது. பாதுகாப்பு கருதிச் செய்த ஏற்பாடுதான். ஆனால் 1993இல் அதை விலக்கிக்கொள்ளும் வரை, பல மருந்துகளின் அளவு முதலில் ஆண்களின் உடம்பில் பார்த்தே குறிக்கப்பட்டது. உலகம் முழுக்க மருத்துவர்கள் அந்த அளவுகளைத்தான் எழுதினோம்.

தூக்கத்துக்குக் கொடுக்கும் ஸோல்பிடெம் மாத்திரை இதற்கு நல்ல உதாரணம். அந்த நாட்டில் அது 1992இல் அனுமதி பெற்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் 10 மில்லிகிராம். பெண்களின் உடம்பிலிருந்து அந்த மருந்து மெதுவாகத்தான் வெளியேறும். இரவில் மாத்திரை போட்ட பெண்ணுக்குக் காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் மருந்து மிச்சம் இருக்கக்கூடும். பெண்களுக்கான அளவை 5 மில்லிகிராமாகக் குறைக்க அதே அமைப்பு சொன்னது 2013இல். இடையில் இருபது வருடங்களுக்கு மேல் ‘எல்லோருக்கும் ஒரே டோஸ்’ என்பதுதான் நடந்தது. அதைச் சமத்துவம் என்று சொல்ல முடியுமா?

இது ஏதோ ஒரு மாத்திரையின் கதை என்று விட்டுவிட முடியாது. மனச்சிதைவு போன்ற நோய்களுக்குக் கொடுக்கும் ஒலான்ஸபின், குளோஸபின் இரண்டும் ஒரே டோஸில் பெண்களின் ரத்தத்தில் சராசரியாகக் கூடுதலாகச் சேரும். அதே வகையைச் சேர்ந்த ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை ஏற்றிவிடும். சிலருக்கு மாதவிலக்கு நின்றுவிடும், சிலருக்குக் குழந்தை இல்லாமலே பால் சுரக்கும். அந்தப் பெண் கர்ப்பமாகிவிட்டோமோ என்று பயந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவாள். நாம் கேஸ் ஷீட்டில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதிவிடுவோம். கார்பமஸெபின், லாமோட்ரிஜின் இரண்டும் வலிப்புக்கும் மனநிலைக் கோளாறுக்கும் கொடுக்கும் மருந்துகள். கார்பமஸெபின் சாப்பிடுகிறவருக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. லாமோட்ரிஜின் சாப்பிடுகிறவர் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தொடங்கினால் ரத்தத்தில் லாமோட்ரிஜினின் அளவு ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். ‘மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? கருத்தடைக்கு என்ன பயன்படுத்துகிறீர்கள்?’ என்ற இரண்டு கேள்விகள் எத்தனை மனநல ஓ.பி. படிவங்களில் இருக்கின்றன? உங்கள் மருத்துவமனையின் படிவத்தை எடுத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வால்ப்ரோயேட். வலிப்புக்கும் இருதுருவ மனநிலைக் கோளாறுக்கும் (பைபோலார்) பரவலாகக் கொடுக்கும் மருந்து. கர்ப்பகாலத்தில் தாய் இதை எடுத்துக்கொண்டால், பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய பத்துக்கு உடற்குறைபாடு வரலாம். பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்குப் பேச்சிலும் அறிவு வளர்ச்சியிலும் பாதிப்பு வரலாம். ஐரோப்பாவில் 2018 முதல், கருத்தரிப்பைத் தவிர்க்கும் முறையான ஏற்பாடு இல்லாமல் கருத்தரிக்கும் வயதுள்ள பெண்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் இந்த வயதுப் பெண்களுக்கு இதைத் தவிர்க்கச் சொல்கிறது. உங்கள் திட்டத்தின் மருந்துப் பட்டியலில் வால்ப்ரோயேட் கண்டிப்பாக இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு வரி எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வரிதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் திருத்தம். (இதைப் படிக்கும் வாசகி யாராவது இந்த மாத்திரையில் இருந்தால், தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் போய்ப் பேசுங்கள்.)

சரி, மருந்து ஒரு பக்கம். ஓ.பி.யில் நடப்பதை என்னைவிட நீங்கள்தான் அதிகம் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் வந்து உட்காருகிறார். கூடவே கணவரோ உறவினரோ வந்து உட்காருகிறார். “என்னம்மா பண்ணுது?” என்று கேட்டால் பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வருகிறது: “தூங்கவே மாட்டேங்குறா டாக்டர், எதுக்கெடுத்தாலும் அழுகை.” அந்தப் பெண் மேஜையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெளியே வரிசை நீள்கிறது. ஒரு தூக்க மாத்திரை, ஒரு மனச்சோர்வு மாத்திரை, அடுத்த மாதம் வாருங்கள். அவர் ஏன் தூங்கவில்லை என்ற கேள்வியை யாரும் அவரிடம் கேட்கவே இல்லை.

உலகில் மூன்றில் ஒரு பெண், வாழ்நாளில் ஒருமுறையாவது கணவர் அல்லது துணைவரின் அடி, பாலியல் வன்முறை, இல்லை வேறு யாராவது செய்யும் பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார் என்கிறது 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மனச்சோர்வு, பதற்றம், காரணம் தெரியாத உடல்வலி, தற்கொலை முயற்சி என்று நம்மிடம் வருகிறவர்களில் இது எவ்வளவு கலந்திருக்கும் என்று யோசியுங்கள். வீட்டில் அடி நிற்காதவரை மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்து என்ன பயன்?

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மருத்துவமனைக்கு வரும் எல்லாப் பெண்களிடமும் வன்முறை பற்றிக் கட்டாயம் கேட்டே தீர வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்லவில்லை. மனநலப் பிரச்சினையோடு வருகிறவர்களிடமும் அறிகுறிகள் சந்தேகம் தருகிறவர்களிடமும் கேளுங்கள் என்கிறது அதன் 2013 வழிகாட்டுதல். தனியாக வைத்துப் பேச இடம் இருக்க வேண்டும், கேட்கிறவருக்குப் பயிற்சி இருக்க வேண்டும், கேட்ட பிறகு அனுப்பிவைக்க ஓர் இடம் இருக்க வேண்டும். இவை இல்லாமல் கேட்டால் நன்மையைவிடத் தீமை அதிகம். ஆகவே திட்டத்தில் ‘வன்முறை குறித்து விசாரிக்கப்படும்’ என்று ஒரு வரி மட்டும் வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு நோயாளியும், ஆணோ பெண்ணோ, முதல் வருகையில் சிறிது நேரமாவது மருத்துவரிடமோ செவிலியரிடமோ தனியாகப் பேச வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். எல்லோருக்கும் உள்ள வழக்கம் என்று ஆகிவிட்டால், “நீங்க கொஞ்சம் வெளியே இருங்க” என்று சொல்வதில் யாருக்கும் சந்தேகம் வராது. அந்தப் பெண் வீட்டுக்குப் போனபின், “என்னை வெளியே அனுப்பிட்டு என்ன சொன்னே?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

இன்னொன்று, குழுவில் யாருக்கும் இது தோன்றாது, உங்களுக்குத் தோன்றும். ஓ.பி. சீட்டு வீட்டுக்குப் போகிறது. பெரும்பாலும் கூட வந்தவரின் கையில்தான் போகிறது. ‘கணவர் அடிக்கிறார்’ என்று அதில் எழுதினால், எழுதிய மருத்துவர் தன் கடமையைச் செய்துவிட்டார். அந்தச் சீட்டை வீட்டில் பிரித்துப் படித்தால் என்ன நடக்கும்? இப்படிப்பட்ட விவரங்கள் மருத்துவமனையிலேயே தங்கும் பதிவில்தான் இருக்க வேண்டும், வீட்டுக்குப் போகும் சீட்டில் வரக் கூடாது என்று திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். அடுத்த வருகைக்கு நினைவூட்ட வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பதும் இப்படித்தான். எந்த எண்ணில், எந்த நேரத்தில் பேசுவது பாதுகாப்பு என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்களுக்கு எதிராகப் பேசுவதுபோல் ஆகிவிடுமோ என்று தயங்குகிறீர்கள். இந்த விஷயத்தில் உங்களுக்குத் தயக்கமே வேண்டாம். மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே நிறுவனத்தின் இன்னொரு கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் அதிகமானோர் தற்கொலையால் இறக்கிறார்கள். இதில் ஆண்களின் விகிதம் பெண்களைப்போல் இரு மடங்குக்கும் மேல். மனச்சோர்வு குறைவாகக் கண்டறியப்படுகிறவர்கள்தான் அதிகம் சாகிறார்கள் என்றால், நாம் எங்கோ தவறவிடுகிறோம் என்று அர்த்தம்.

ஆண் தன் துக்கத்தைத் துக்கம் என்று சொல்லிக்கொண்டு வருவது குறைவு. கோபமாக வரும், குடியாக வரும், நெஞ்சுவலியாக வரும், வேலைக்குப் போகாமல் படுத்துக்கொள்வதாக வரும். ‘அழுகை வருகிறதா?’ என்று கேட்கும் படிவத்தில் அவர் ‘இல்லை’ என்றுதான் குறிப்பார். குடி சிகிச்சை ஒரு கட்டடத்தில், மனச்சோர்வு சிகிச்சை இன்னொரு கட்டடத்தில் என்று பிரித்து வைத்திருக்கும் மருத்துவமனைகளில், குடிக்கு வந்தவரிடம் தற்கொலை எண்ணம் பற்றி யாரும் கேட்பதில்லை. ஓ.பி. வேலை நேரத்தில் மட்டும் நடந்தால், ஒருநாள் கூலியை இழந்து அவர் வரப்போவதும் இல்லை. மாலை ஓ.பி. வேண்டும், குடி சிகிச்சைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் மனச்சோர்வும் தற்கொலை அபாயமும் பார்க்கப்பட வேண்டும். இந்த இரண்டையும் நீங்களே முன்வைத்துப் பாருங்கள். பாலினச் சமத்துவம் என்று நீங்கள் பேசும்போது அந்த மேஜையில் இருக்கும் ஆண்களின் மகன்களுக்காகவும் பேசுகிறீர்கள் என்பது அப்போது அவர்களுக்கே தெரியும். மேலே சொன்ன தனிப் பேச்சும் ஆண்களுக்கு அதே அளவு தேவை. மனைவி பக்கத்தில் இருக்கும்போது தன் பயத்தை ஒத்துக்கொள்ளும் ஆண்கள் குறைவு. சின்ன வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான ஆண்கள் அதை வாய்விட்டுச் சொல்லவே எத்தனையோ வருடங்கள் ஆகின்றன.

இப்போது உங்கள் இரண்டு பக்கத்துக்கு வருகிறேன். பிரசவகால மனநலத்தை நிச்சயம் எழுதுங்கள், அது சின்ன விஷயமில்லை. உலக அளவில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய 10 சதவீதத்தினருக்கும், பிரசவித்தவர்களில் 13 சதவீதத்தினருக்கும் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது. பெரும்பாலும் மனச்சோர்வு. வளரும் நாடுகளில் இது இன்னும் அதிகம். கண்டுபிடிக்க 1987இலேயே வந்த எடின்பரோ வினாத்தாள் இருக்கிறது. பத்தே கேள்விகள், கடைசிக் கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. இதை மனநலப் பிரிவில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் ஒரு தாயும் வர மாட்டார். தடுப்பூசி போடும் நாளில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு எப்படியும் வருகிற இடத்தில், அங்கிருக்கும் செவிலியர் கையில் இருக்க வேண்டும். பத்தாவது கேள்விக்கு ஒரு தாய் ‘ஆமாம்’ என்று சொன்னால் அன்றைக்கே யார் பார்ப்பது என்பதும் பெயர் குறிப்பிடாவிட்டாலும் பதவி குறிப்பிட்டு எழுதப்பட வேண்டும். கேள்வி மட்டும் கேட்டுவிட்டு ஆளில்லாமல் விடுவது கொடுமை.

“இதுக்கெல்லாம் நிபுணர்கள் எங்கே இருக்காங்க?” என்று யாராவது கேட்பார்கள். பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் அதீஃப் ரஹ்மான் குழுவினர் நடத்திய ஆய்வை அவர்களிடம் சொல்லுங்கள். 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மனநலப் படிப்பு எதுவும் இல்லாத கிராமச் சுகாதாரப் பெண் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு இருந்த கர்ப்பிணிகளை அவர்களுடைய வீட்டுக்கே போய்ச் சந்திக்க வைத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, இந்த உதவி கிடைத்த தாய்மார்களில் 23 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு நீடித்தது. வழக்கமான சந்திப்பு மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம். மாத்திரைகூட இல்லாமல் வந்த வித்தியாசம் இது. குழு இந்த யோசனையை ஏற்றுக்கொண்டால் உடனே அடுத்ததையும் கேளுங்கள்: அந்தப் பணியாளர்களுக்குச் சம்பளம் உண்டா, இல்லை இருக்கிற வேலையோடு இதையும் சேர்த்துச் சுமத்தப் போகிறீர்களா?

ஒரு கவலையும் சொல்ல வேண்டும். ‘பெண்கள் பகுதி’ என்றதும் எல்லோர் மனசும் கர்ப்பத்துக்குப் போய்விடுகிறது. கருச்சிதைவுக்குப் பின் ஒருவரும் எட்டிப்பார்க்காமல் வார்டு மூலையில் படுத்திருக்கும் பெண், குழந்தை இல்லாதவர், மாதவிலக்கு நிற்கும் வயதில் முதல்முறையாக நோய் வருகிறவர், தனியாக வாழும் முதியவர், பதினைந்து வயதில் சாப்பாட்டை நிறுத்திய பெண் பிள்ளை என்று எத்தனையோ பேர் அந்தப் பக்கங்களுக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களையும் உள்ளே கொண்டுவாருங்கள்.

வரைவைப் படிக்கும்போது ‘குடும்பத்தின் ஒத்துழைப்போடு’ என்ற தொடர் வரும் இடமெல்லாம் கோடு போடுங்கள். ‘குடும்பத்தினர் மருந்து கொடுப்பதைக் கண்காணிப்பர்’, ‘டிஸ்சார்ஜுக்குப் பின் குடும்பம் பராமரிக்கும்.’ நடைமுறையில் அந்தக் குடும்பம் என்பது யார்? அநேகமாக ஒரு தாய், ஒரு மனைவி, ஒரு மகள். ஆண் நோயாளி என்றால் மனைவி வேலையை விட்டுவிட்டு உடன் இருக்கிறார். பெண் நோயாளி என்றால், அவருடைய அம்மாவோ அக்காவோ வந்து பார்க்கிறார்கள். இல்லாவிட்டால் யாருமே வருவதில்லை. மருத்துவமனை படுக்கைகளைக் குறைத்து ‘சமுதாய அளவிலான சிகிச்சை’ என்று சொல்லும்போது, சம்பளமில்லாத வேலையாக அது ஒரு பெண்ணின் தலையில் போய் இறங்குகிறது. நான் சமுதாய அளவிலான சிகிச்சைக்கு எதிரானவள் இல்லை, அதுதான் சரியான வழி என்று நம்புகிறவள். பராமரிக்கிறவருக்கு உதவித்தொகை, மாதத்தில் சில நாட்களாவது நோயாளியைப் பொறுப்பேற்று அவருக்கு ஓய்வு தரும் மையம், அவருடைய மனநலத்தையும் கேட்டறியும் ஒரு சந்திப்பு, இவற்றைத் திட்டத்தில் எழுதாமல் ‘குடும்பம் பார்த்துக்கொள்ளும்’ என்று எழுதக் கூடாது என்கிறேன்.

நீண்டகால வார்டுகளையும் விடாதீர்கள். குணமான பிறகும் அழைத்துப் போக ஆள் வராமல் வருடக்கணக்கில் தங்கிவிட்ட பெண்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு வீடு திரும்புவது ஒன்றுதான் வழி என்று வைத்தால் அவர்கள் வெளியே வரவே முடியாது. குழுவாகத் தங்கும் விடுதி, கைத்தொழில், வங்கிக் கணக்கு என்று வேறு பாதை திட்டத்தில் இருக்க வேண்டும். சம்மதம் என்பதும் அவரவர் சம்மதமாக இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை, 2006இல் ஏற்கப்பட்டது, சட்டத்தின் முன் அவர்களுக்கு மற்றவர்களுக்குச் சமமான தகுதி உண்டு என்கிறது. கருத்தடை அறுவை சிகிச்சைக்கு மனநோயாளிப் பெண்ணின் சார்பில் உறவினர் கையெழுத்துப் போடும் பழக்கம் எங்கே இருந்தாலும் அது நிற்க வேண்டும்.

திருநர்களையும் தன்பாலீர்ப்பாளர்களையும் பற்றி ஒரு வரியாவது இல்லாத மனநலத் திட்டம் முழுமையானதில்லை. இங்கே எங்கள் துறைக்கு ஒரு கடன் இருக்கிறது. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் எடுத்தது 1973இல். உலக சுகாதார நிறுவனம் எடுத்தது 1990இல். திருநர் நிலையை மனநோய்களின் அத்தியாயத்திலிருந்து நீக்கிய நோய்ப் பட்டியல் 2019இல்தான் ஏற்கப்பட்டது. இன்னமும் ‘மாற்றிவிடலாம்’ என்று சிகிச்சை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு சிகிச்சை கிடையாது, செய்யக் கூடாது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். திருநர் ஒருவர் உள்நோயாளியாகச் சேரும்போது எந்த வார்டு என்று அவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். நள்ளிரவில் வரவேற்பு மேஜையில் நின்றுகொண்டு வாக்குவாதம் செய்யும் நிலைமை அவருக்கு வரக் கூடாது.

எண்களைப் பற்றி. உங்கள் பிரிவின் பதிவேட்டில் ஆண், பெண், திருநர் என்று பிரித்து எழுதுகிறீர்களா? எழுதினாலும், மாத அறிக்கை மேலே போகும்போது மொத்த எண்ணிக்கை மட்டும்தானே போகிறது? வந்தவர்கள் எத்தனை, இரண்டாவது முறை வந்தவர்கள் எத்தனை, பாதியில் நின்றவர்கள் யார், இவற்றைப் பாலினத்தோடும் வயதோடும் பிரித்துப் பார்த்தால்தான் யாரை இழக்கிறோம் என்று தெரியும். பெரும்பாலான அரசுகள் சுகாதாரச் செலவில் மனநலத்துக்குத் தருவது 2 சதவீதம் அளவில்தான். அவ்வளவு குறைந்த பணத்தில் ஒரு வரி எதற்கு ஒதுக்கப்பட்டது என்று எழுதாவிட்டால் அது வேறெங்கோ போய்விடும். ஆகவே நீங்கள் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு தொகையும் பொறுப்பாளரும் இருக்கட்டும்.

குழுவின் அமைப்பைப் பற்றியும் தயங்காமல் பேசுங்கள். உலகில் சுகாதாரம், சமூகப் பராமரிப்புத் துறைகளின் பணியாளர்களில் 70 சதவீதம் பெண்கள், தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் 25 சதவீதம்தான் என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இன்னும் இரண்டு பெண்களைச் சேருங்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், சிகிச்சை பெற்றுக் குணமான ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் குழுவில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். எந்த நிபுணரும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

“சிஸ்டர் சொந்தக் கருத்தைச் சொல்றாங்க” என்று யாரும் தள்ளிவிடாமல் இருக்க ஒரு துணை இருக்கிறது. ஒரு சுகாதாரத் திட்டத்தைப் பாலின நோக்கில் ஐந்து நிலைகளில் எடைபோட உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. ஏற்றத்தாழ்வைக் கூட்டுவது, கண்டுகொள்ளாதது, தெரிந்துகொண்டும் எதுவும் செய்யாதது, ஒரு பாலினத்தின் தேவைக்காகத் தனியாகச் செய்வது, ஏற்றத்தாழ்வின் காரணத்தையே மாற்ற முயல்வது. வரைவின் ஒவ்வொரு பிரிவும் இதில் எங்கே நிற்கிறது என்று கூட்டத்திலேயே சேர்ந்து குறியுங்கள். அந்த மூத்த மருத்துவரையே குறிக்கச் சொல்லுங்கள். ‘எல்லோருக்கும் ஒரே சிகிச்சை’ இரண்டாவது நிலையில் போய் உட்காருவதை அவரே பார்ப்பார்.

கேட்டது எல்லாம் கிடைக்காது. பேரம் பேசித்தான் ஆக வேண்டும். அப்படி வரும்போது மூன்றை விட்டுக்கொடுக்காதீர்கள்: வால்ப்ரோயேட் எச்சரிக்கை, எல்லா நோயாளிகளுக்கும் தனியாகப் பேசும் நேரம், பாலினம் பிரித்த பதிவேடு. முதலாவதுக்குச் செலவே இல்லை. இரண்டாவதுக்கு ஒரு கதவும் கொஞ்ச நேரமும் போதும். மூன்றாவது இருந்தால் அடுத்த முறை திட்டத்தைத் திருத்த உட்காரும்போது உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். இதற்காக அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஓ.பி.யின் போன மாதப் பதிவேட்டை எடுத்து, முதல்முறை வந்த பெண்களில் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்று எண்ணி, ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும்.